யாருடைய கடிகாரம்?

(மாணவர் வாசிப்பு வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் வந்த சொற்களைச் சில இடங்களில் அப்படியே விட்டிருக்கிறேன்.)



கவிதை எழுதுகிற ஆள் என்பதால் கவிதை பற்றிப் பேசுவான் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு அது இல்லை. போன மாதக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது முதுகலை படிக்கிற தோழர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, நான் பிறக்கறதுக்கு முந்தியிலிருந்து உலக வர்த்தகப் பேச்சுவார்த்தைன்னு பேசிக்கிட்டே இருக்காங்களே, அப்படி என்னதான் பேசுறாங்க? ஏன் முடியவே மாட்டேங்குது?" வங்கியில் வேலை பார்க்கிறவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. வெட்கமாக இருந்தது. ஒரு மாதமாகப் படித்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். தப்பிருந்தால் கேளுங்கள், விவாதிப்போம்.

நான் தினமும் உட்காருகிற கவுண்டரிலிருந்து தொடங்குகிறேன். நகைக்கடன் வாங்க வருகிறார்கள். நகை மதிப்பீட்டாளர் பதினோரு மணிக்குத்தான் வருவார். சில நாள் வரவே மாட்டார். சில நாள் சர்வர் இருக்காது. "நாளைக்கு வாங்க" என்று நான் சொல்கிறேன். கடை வைத்திருக்கிறவர் சரி என்று போய்விட்டு மறுநாள் வருகிறார். அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆஸ்பத்திரியில் ஆளைப் படுக்க வைத்துவிட்டு வந்த அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்ப்பார். பிறகு முந்தானையில் நகையை முடிந்துகொண்டு தெருமுனை அடகுக்கடைக்குப் போவார். அங்கே பத்து நிமிஷத்தில் பணம். வட்டி எங்களுடையதைவிட அதிகம். நகை ஒரே நகை, பவுன் ஒரே பவுன். வட்டி ஏன் கூடியது? அவரால் காத்திருக்க முடியவில்லை என்பதால்தான்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நேரமும் விலையின் ஒரு பகுதி. ஜெனீவா வரை போனாலும் இதே கதைதான்.

1

முதலில் கணக்கு.

1947ல் ஜெனீவாவில் 23 நாடுகள் உட்கார்ந்து காட் ஒப்பந்தத்தைப் பேசி முடித்தன. இந்தியாவும் அந்த 23ல் ஒன்று. ஏப்ரலில் உட்கார்ந்தார்கள், அக்டோபரில் எழுந்தார்கள். ஏழு மாதம். சுமார் 45,000 வரிச் சலுகைகள். அடுத்து வந்த சுற்றுகளைப் பாருங்கள். கென்னடி சுற்று 1964 முதல் 1967 வரை, 62 நாடுகள். டோக்கியோ சுற்று 1973 முதல் 1979 வரை, 102 நாடுகள். உருகுவே சுற்று 1986 முதல் 1994 வரை, 123 நாடுகள். 2001 நவம்பரில் தோஹாவில் தொடங்கிய சுற்றை 2005 ஜனவரி 1க்குள் முடிப்பதாக நாள் குறித்தார்கள். அது முடியவே இல்லை. 2015ல் நைரோபியில் கூடியபோது அந்தச் சுற்றைத் தொடர்வதா வேண்டாமா என்பதிலேயே உடன்பாடு வரவில்லை.

இதைப் பார்த்தவுடன் சொல்லத் தோன்றுவது: தலை கூடினால் நேரம் கூடும். உண்மைதான். 23 நாடுகள் ஒருவரோடு ஒருவர் தனித்தனியாகப் பேசினால் 253 ஜோடி. 123 நாடுகள் என்றால் 7,503 ஜோடி. இன்றைக்கு உலக வர்த்தக அமைப்பில் இருக்கிற 166 உறுப்பினர்களுக்கு 13,695 ஜோடி. ஆள் ஏழு மடங்கு கூடினால் பேச்சு ஐம்பது மடங்குக்கு மேல் கூடுகிறது.

ஆனால் இது பாதிப் பதில்தான். ஐக்கிய அரபு அமீரகத்தோடு இந்தியா 2021 செப்டம்பரில் பேசத் தொடங்கி 2022 பிப்ரவரி 18ல் கையெழுத்துப் போட்டது. 88 நாளில் பேசி முடித்தோம் என்று அரசு பெருமையாகச் சொன்னது. அதே இந்தியா ஸ்விட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் என்ற நான்கு சிறிய நாடுகளோடு 2008ல் பேசத் தொடங்கி 2024 மார்ச்சில்தான் கையெழுத்துப் போட்டது. 16 வருஷம். பிரிட்டனோடு 2022 ஜனவரியில் தொடங்கியபோது அந்த வருஷ தீபாவளிக்குள் முடிப்போம் என்றார்கள். மூன்று தீபாவளி போயிற்று. 2025 மே மாதம்தான் முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் தென் அமெரிக்காவின் மெர்கோசூர் நாடுகளும் 1999ல் பேச உட்கார்ந்தார்கள். 2019ல் முடிந்தது என்றார்கள், பிறகு முடியவில்லை என்றார்கள், 2024 டிசம்பரில் மறுபடி முடிந்தது என்றார்கள். கால் நூற்றாண்டு.

ஆக, தலையை எண்ணினால் மட்டும் போதாது. எதைப் பேசுகிறார்கள், யார் வீட்டில் கேட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது, யார் அறைக்குள் இருக்கிறார்கள், யாரால் காத்திருக்க முடியும். இந்த நான்கையும் பார்க்க வேண்டும்.

2

சுங்க வரி என்பது ஓர் எண். நீ முப்பது சதம் போடுகிறாய், நான் பத்துக்குக் குறை என்கிறேன், இருபதில் நிற்கலாம். சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி. ஆனால் காப்புரிமைச் சட்டம் எண் இல்லை. மருந்துக்குக் காப்புரிமை உண்டா இல்லையா, காப்பீட்டுக் கம்பெனியை உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை நடுவில் வெட்டிப் பங்கு போட முடியாது. அந்த நாட்டின் சட்டத்தையே மாற்ற வேண்டும். ஸ்விஸ் மருந்துக் கம்பெனிகளின் கோரிக்கை இடையில் நின்றதுதான் அந்த 16 வருஷம் நீண்டதற்கு ஒரு முக்கியக் காரணம்.

உருகுவே சுற்றில் 15 தலைப்புகள். வரி, ஜவுளி, விவசாயம், காப்புரிமை, சேவைத்துறை எல்லாம் ஒரே மூட்டை. அதற்கு ஒரு விதி வைத்தார்கள்: எல்லாம் முடிந்தால்தான் எதுவும் முடிந்ததாக அர்த்தம். நம்மில் பலருக்குப் பாகம் பிரிக்க நிலம் இல்லை. ஆனால் பாகப்பிரிவினை எப்படி நடக்கும் என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். கிணற்றில் தகராறு என்றால் தோப்புப் பத்திரமும் எழுத முடியாது. அதே மாதிரி. 1990 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் முடித்துவிடுவதாகத் திட்டம். விவசாய மானியத்தில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் முட்டிக்கொண்டன, மற்ற பதினான்கு தலைப்புகளும் சேர்ந்து படுத்துவிட்டன.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பழைய சுற்றுகள் சீக்கிரம் முடிந்தனவே, அந்தக் காலத்து ஆட்கள் கெட்டிக்காரர்களா? இல்லை தோழர்களே. முடியாததைப் பேசாமல் வெளியே வைத்தார்கள். 1955ல் அமெரிக்கா தன் விவசாயத்துக்கு காட் விதிகளிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. ஐரோப்பாவும் தன் விவசாயத்தைத் தொடவிடவில்லை. ஜவுளிக்கும் துணிக்கும் தனிக் கோட்டா முறை போட்டு, 1974லிருந்து பல்லிழை ஒப்பந்தம் என்ற பெயரில் அதைக் காட்டுக்கு வெளியே வைத்தார்கள். ஏழை நாடுகளிடம் விற்பதற்கு இருந்தவை என்ன? விளைச்சலும் துணியும்தான். அந்த இரண்டையும் மேசைக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் அந்தச் சுற்றுகள் வேகமாக முடிந்தன. ஜவுளிக் கோட்டா முழுமையாக ஒழிந்தது 2005 ஜனவரி 1ல்.

ஒரு கூட்டம் சீக்கிரம் முடிந்தது என்று யாராவது பாராட்டினால், யாருடைய விஷயத்தைப் பேசாமல் விட்டீர்கள் என்று கேட்க வேண்டும்.

3

இரண்டாவது, வீட்டுக் கடிகாரம்.

பேச வருகிற அதிகாரி தனியாள் இல்லை. அவருக்குப் பின்னால் நாடாளுமன்றம், தேர்தல், விவசாயிகள், முதலாளிகள் சங்கம். ஜெனீவாவில் பேசுகிற நேரத்தைவிட வீட்டில் பேசுகிற நேரம்தான் அதிகம். ஐரோப்பா 1992ல் தன் விவசாயக் கொள்கையை உள்ளுக்குள் திருத்திக்கொண்ட பிறகுதான் அந்த வருஷ நவம்பரில் அமெரிக்காவோடு பிளேர் ஹவுஸ் உடன்பாடு வந்தது. பிரெஞ்சு விவசாயிகள் எதிர்த்தார்கள். அடுத்த வருஷம் அதை மறுபடி திறந்து பேச வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் 1974 வர்த்தகச் சட்டத்திலிருந்து ஓர் ஏற்பாடு. குறிப்பிட்ட காலத்துக்கு ஜனாதிபதிக்கு அதிகாரம் கொடுப்பார்கள். அந்தக் காலத்துக்குள் கொண்டுவரும் ஒப்பந்தத்தைக் காங்கிரஸ் திருத்தம் போடாமல் ஆம், இல்லை என்று மட்டும் ஓட்டுப் போடும். தேதி கடந்தால் ஒவ்வொரு வரியையும் பிய்த்து எடுப்பார்கள். உருகுவே சுற்று 1993 டிசம்பர் 15ல் முடிந்ததே, அந்தத் தேதியை ஜெனீவா குறிக்கவில்லை. ஒப்பந்தத்தைப் பற்றி அமெரிக்கக் காங்கிரசுக்குத் தெரிவிக்கக் கிளிண்டனுக்கு இருந்த கடைசி நாள் அது. ஏழு வருஷம் இழுத்த விஷயம் வாஷிங்டனின் கடிகாரம் அடித்ததும் முடிந்தது. அந்த அதிகாரம் 2002ல் மறுபடி வந்து 2007 நடுவில் காலாவதியானது. 2008 ஜூலையில் தோஹா சுற்றை முடிக்க ஒன்பது நாள் உட்கார்ந்தார்களே, அப்போது அமெரிக்கப் பிரதிநிதி கையில் அந்த அதிகாரம் இல்லை. அவர் கொடுக்கும் வாக்கு ஊர் போய்ச் சேருமா என்று எதிரே இருக்கிறவனுக்குச் சந்தேகம் வராதா?

நம் ஊரில் என்ன நிலை? சர்வதேச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் கட்டாயமில்லை. அமைச்சரவை போதும். 1991 டிசம்பரில் ஆர்தர் டங்கல் வரைவு வந்தபோது 'டங்கல்' என்ற பெயர் நம் தெருச்சுவர்களில்கூட இருந்தது என்று மூத்த தோழர்கள் சொல்வார்கள். கர்நாடக விவசாயிகள் பெங்களூரில் பெரும் பேரணி நடத்தினார்கள். ஆனாலும் 1994 ஏப்ரல் 15ல் மராகேஷில் கையெழுத்தாகிவிட்டது. மக்களைக் கேட்க வேண்டியிருந்தால் நேரமாகும். கேட்க வேண்டியதில்லை என்றால் நேரமாகாது. எனவே நீளம் எல்லாம் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

4

மூன்றாவது, அறை.

உலக வர்த்தக அமைப்பில் ஓட்டெடுப்பு நடப்பதில்லை. ஒருமித்த கருத்துதான். கேட்க நன்றாக இருக்கிறது. ஒருவர் வேண்டாம் என்றால் நின்றுவிடும், சின்ன நாட்டுக்கும் பெரிய நாட்டுக்கும் ஒரே மதிப்பு. ஆனால் மராகேஷ் ஒப்பந்தத்தின் ஓர் அடிக்குறிப்பைப் படியுங்கள். முடிவெடுக்கும் கூட்டத்தில் இருக்கிற உறுப்பினர் எவரும் முறைப்படி எதிர்க்காவிட்டால் அது ஒருமித்த முடிவு. 'கூட்டத்தில் இருக்கிற' என்ற சொல்லைப் பாருங்கள். வராதவன் சம்மதித்தவன். வந்து பேசாமல் இருந்தவனும் சம்மதித்தவன்.

யார் வரமுடியாது? ஜெனீவாவில் அலுவலகம் வைக்கக்கூட வசதியில்லாத உறுப்பு நாடுகள் இருக்கின்றன. அவர்களை வரவழைத்து விளக்கம் சொல்வதற்கென்று 'ஜெனீவா வாரம்' என்று தனியாக ஒன்று நடத்துகிறார்கள். அலுவலகம் இருந்தாலும் இரண்டு மூன்று அதிகாரிகள். அவர்களே ஐ.நா. கூட்டங்களுக்கும் போக வேண்டும். காலையில் விவசாயம், அதே நேரம் பக்கத்து அறையில் மீன்பிடி மானியம், மேல் மாடியில் காப்புரிமை. பெரிய நாட்டுக்கு அறைக்கு ஓர் ஆள். சின்ன நாட்டுக்கு ஓடுவதற்குக் கால் இரண்டுதான்.

'பச்சை அறை' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. தலைமை இயக்குநர் முப்பது நாற்பது நாடுகளை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார். சில சமயம் அதைவிடக் குறைவு. 2008 ஜூலையில் கடைசிப் பேச்சு ஏழு தரப்புக்குள் நடந்தது. மற்றவர்கள் நடைபாதையில். விடிந்ததும் ஒரு தாளை நீட்டி, இதுதான் முடிவு, ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். நேரத்தைக் குறைக்க இதைவிட வழியில்லை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கூட்டம் உள்ளே நடக்க, முடிவைக் கேட்க வெளியே நிற்பது என்றால் என்னவென்று நம்மிடம் யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை.

சேரவருகிறவர்களின் கதை வேறு. புதிதாகச் சேரும் நாட்டிடம் ஏற்கெனவே உள்ளே இருக்கிற யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். சீனாவுக்கு 1986லிருந்து 2001 வரை 15 வருஷம் ஆயிற்று. அது பெரிய நாடு, பயப்பட்டார்கள் என்று வையுங்கள். பசிபிக்கில் வனுவாட்டு என்று ஒரு தீவு நாடு. 1995ல் விண்ணப்பம் போட்டது, 2012ல் சேர்ந்தது. 17 வருஷம். வனுவாட்டைப் பார்த்து யாருக்குப் பயம்? பயமே காரணமில்லை. 2001ல் முடிகிற நேரத்தில் வனுவாட்டே சற்று நிறுத்தச் சொன்னது, பிறகு பல வருஷம் அதன் காகிதம் நகரவில்லை. எங்கள் வங்கியில் மேசைக்கு மேசை நகராமல் கிடக்கிற சின்னக் கடன் விண்ணப்பம் மாதிரி. யாரும் நிராகரிக்கவில்லை. யாரும் எடுக்கவும் இல்லை.

5

இப்போது பருத்திக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி என்று நான்கு நாடுகள். லட்சக்கணக்கான குடும்பங்கள் பருத்தியை நம்பி இருக்கின்றன. கையால் எடுக்கிற பருத்தி. அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்குக் கோடிக்கணக்கில் மானியம் கொடுத்ததால் உலகச் சந்தையில் விலை விழுந்தது. 2003ல் நான்கு நாடுகளும் சேர்ந்து கேட்டன. புர்கினா ஃபாசோவின் ஜனாதிபதியே ஜூன் மாதம் ஜெனீவாவுக்கு நேரில் வந்து பேசினார். அவர்கள் நிதியுதவி கேட்டு வரவில்லை. மானியத்தை நிறுத்துங்கள், நிறுத்தும்வரை நஷ்ட ஈடு கொடுங்கள் என்றார்கள்.

2003 செப்டம்பர், மெக்சிகோவின் கான்கூன் மாநாடு. அங்கே வந்த வரைவில் பருத்திக்கு என்ன பதில் தெரியுமா? பருத்தியை நம்பியிருக்கிற நாடுகள் வேறு தொழில்களுக்கு மாற உதவலாம் என்று எழுதியிருந்தது. அதாவது நீ பருத்தி போடுவதை விட்டுவிடு. பருத்தி, மற்ற விவசாய மானியங்கள், முதலீடு பற்றிய புதிய விதிகள் என்று எல்லாம் சேர்ந்து அந்த மாநாடு முறிந்தது. 2005ல் ஹாங்காங்கில் பருத்திக்கு ஏற்றுமதி மானியம் கூடாது என்று ஒப்புக்கொண்டார்கள். உள்நாட்டு மானியம், அதுதானே பெரியது, அதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். 2008 ஜூலை ஒன்பது நாள் கூட்டத்தில் அது பட்டியலில் இருந்தது. இறக்குமதி எவ்வளவு கூடினால் ஏழை நாட்டு விவசாயியைக் காக்கக் கூடுதல் வரி போடலாம் என்பதில் பேச்சு முறிந்தது. 40 சதம் கூடட்டும் என்று வரைவு. 10 சதம் போதும் என்று இந்தியாவும் கூட்டாளி நாடுகளும். பருத்தியின் முறை வருவதற்கு முன்பே கூட்டம் கலைந்துவிட்டது. நான்கு நாட்டு அமைச்சர்களும் காத்திருந்துவிட்டுத் திரும்பினார்கள்.

இதே பருத்திக்காக பிரேசில் என்ன செய்தது? 2002ல் அமெரிக்காமேல் வழக்குப் போட்டது. 2004ல் ஜெயித்தது, 2005ல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தது. அமெரிக்கா முழுமையாகத் திருத்தவில்லை. 2009ல் பதிலடிக்கு அனுமதி வாங்கியது. அமெரிக்கப் பொருளுக்கு வரி போடுவது மட்டுமில்லாமல், அவர்களுடைய காப்புரிமைகளிலும் கை வைப்போம் என்றது பிரேசில். உடனே அமெரிக்கா உட்கார்ந்து பேசியது. 2010லிருந்து வருஷத்துக்கு 14.73 கோடி டாலர் பிரேசிலுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2014ல் இன்னொரு 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. தன் மானியத்தைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்த நாட்டு விவசாயிக்கும் பணம் கொடுத்தார்கள்.

அந்த வழக்கில் பெனினும் சாட்டும் மூன்றாம் தரப்பாகச் சேர்ந்திருந்தன. பிரேசிலுக்கு வந்த டாலரில் ஒரு காசு அவர்களுக்கு இல்லை. பெனின் வரி போட்டால் அமெரிக்காவுக்கு வலிக்குமா? நியாயம் ஒன்றுதான். பருத்தியும் ஒன்றுதான். ஒருவரைக் காக்கவைத்தால் செலவாகும். இன்னொருவரைக் காக்கவைத்தால் ஒரு செலவும் இல்லை. பேச்சுவார்த்தையின் நீளத்தைத் தீர்மானிப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. காக்கவைப்பவனுக்குக் காக்கவைப்பதால் என்ன செலவு?

6

அப்படியானால் இழுத்தடிப்பு எப்போதும் வலுத்தவனின் ஆயுதமா? அப்படிச் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. எளியவனும் இழுக்கிறான்.

அரிசியைப் பாருங்கள். நம் ரேஷன் கடைக்கும் ஜெனீவாவுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி. அதற்கு நெல்லை அரசு ஆதரவு விலை கொடுத்து வாங்க வேண்டும். அப்படிக் கொடுக்கிற ஆதரவு, விளைச்சல் மதிப்பில் 10 சதத்தைத் தாண்டக்கூடாது என்று உலக வர்த்தக அமைப்பின் விதி. அந்தக் கணக்கை எந்த விலையை வைத்துப் போடுகிறார்கள்? 1986 முதல் 1988 வரை இருந்த விலையை வைத்து. இன்றைய கொள்முதல் விலையை அந்தக் காலத்து விலையோடு ஒப்பிட்டால் எந்த அரசும் குற்றவாளிதான். 2013ல் பாலியில் இந்தியா பிடிவாதம் பிடித்து, நிரந்தரத் தீர்வு வரும்வரை வழக்குப் போடமாட்டோம் என்ற வாக்கை வாங்கியது. அந்த வாக்கு உறுதியாக வேண்டும் என்று 2014 ஜூலையில் வேறொரு ஒப்பந்தத்தையே நிறுத்திவைத்தது. நான்கு மாதம் கழித்து நவம்பரில் வழிக்கு வந்தார்கள். நிரந்தரத் தீர்வை 2017க்குள் காண்பதாகப் பேச்சு. 2017ல் புவனோஸ் ஐரிஸ் மாநாடு போயிற்று, 2024ல் அபுதாபி மாநாடு போயிற்று, தீர்வு வரவில்லை. ஆனால் அதுவரை நம் ரேஷன் அரிசிமேல் வழக்கும் வரவில்லை. இங்கே நீளம் நமக்குச் சாதகம். முதலீடு, போட்டிக் கொள்கை, அரசுக் கொள்முதல் ஆகிய மூன்றும் 2004ல் தோஹா பட்டியலிலிருந்து கைவிடப்பட்டனவே, அதுவும் ஏழை நாடுகள் சேர்ந்து நின்று இழுத்ததால்தான்.

சேர்ந்து நின்று என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். தனியாக இழுத்தால் கயிறு அறுந்துவிடும்.

இன்னொரு பக்கம். 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கோவிட் தடுப்பூசி, மருந்து, கருவிகளுக்குக் காப்புரிமை விதிகளைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள் என்று கேட்டன. 2022 ஜூன் 17ல் முடிவு வந்தது. இருபது மாதம். அதுவும் தடுப்பூசிக்கு மட்டும், நிபந்தனைகளோடு. மருந்துக்கும் பரிசோதனைக் கருவிக்கும் ஆறு மாதத்தில் முடிவு சொல்கிறோம் என்றார்கள். 2024 வரை இழுத்துவிட்டு உடன்பாடில்லை என்று கைவிரித்தார்கள். அந்த இருபது மாதத்தில் நம் சுடுகாடுகளில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். அங்கே காத்திருந்தவர்களுக்குச் செலவு உயிர்.

கடைசியாக, வேகமான பேச்சு. 2025 ஏப்ரலில் அமெரிக்கா கிட்டத்தட்ட எல்லா நாட்டுக்கும் பதிலடி வரி என்று அறிவித்துவிட்டு, பெரும்பாலான நாடுகளுக்கு 90 நாள் தவணை கொடுத்தது. ஜூலை முடிவதற்குள் வியட்நாம், இந்தோனேசியா, ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் ஏதோ ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிட்டன. தோஹா சுற்று கால் நூற்றாண்டில் செய்யாததை மூன்று மாதத்தில் செய்துவிட்டார்களே என்று சிலர் வியந்து எழுதினார்கள். அடகுக்கடையிலும் பத்து நிமிஷத்தில் முடிகிறது தோழர்களே. கழுத்தில் கத்தி இருந்தால் யாரும் பத்திரத்தைப் படித்துப் பார்க்கமாட்டார்கள். இந்தியா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் 27லிருந்து இந்தியச் சரக்குக்கு 50 சதம் என்று ஆயிற்று. டெல்லியால் காத்திருக்க முடிந்தது. திருப்பூரால் எவ்வளவு நாள் முடியும்? அந்த அக்டோபரில் ஓர் அம்மா நகை வைக்க வந்தார். மகன் பனியன் கம்பெனியில் வேலை, வாரத்தில் மூன்று நாள்தான் ஷிப்ட் கொடுக்கிறார்கள் என்றார். "இது எப்ப சரியாகும் தம்பி?" என்று கேட்டார். "பேசிக்கிட்டிருக்காங்கம்மா" என்றேன். வேறென்ன சொல்ல? மதிப்பீட்டாளர் அன்றைக்கு வந்திருந்தார். அந்த மட்டும் நல்லது.

7

முடித்துக்கொள்கிறேன்.

'பேச்சில் இழுபறி', 'விரைவில் உடன்பாடு' என்று நாளிதழில் தலைப்பைப் பார்த்தால் சில கேள்விகள் கேட்டுப் பழகுவோம். எத்தனை பேர் பேசுகிறார்கள்? எண்ணைப் பேசுகிறார்களா, சட்டத்தைப் பேசுகிறார்களா? சீக்கிரம் முடிக்க எதை வெளியே வைத்தார்கள்? கெடு வைத்தது யாருடைய தேர்தல், யாருடைய நாடாளுமன்றம்? அறைக்குள் யார் இல்லை? தாமதமானால் யாருக்குச் செலவு?

கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால், அந்தப் பேச்சு எவ்வளவு நாள் நீளும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. காத்திருந்து பழகியிருந்தால் போதும்.

காத்திருப்பவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால், காக்கவைப்பவனுக்கும் செலவு ஆரம்பமாகிறது. 2003ல் கான்கூனில் அந்த நான்கு நாடுகளும் பருத்தியைத் தூக்கிப் பிடித்ததால்தான் இன்றைக்கு நாம் இங்கே உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுகிறோம். அவர்கள் இன்னும் ஜெயிக்கவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தை மேசையிலிருந்து யாராலும் எடுத்துப் போடவும் முடியவில்லை.

 இனி நீங்கள் பேசுங்கள்.